விராட்டை ஏன் காப்பாற்ற முடியவில்லை?

கேள்வி இது: "உலகில் மிக நீண்ட காலம் பணியாற்றிய விமானந்தாங்கிக் கப்பல் என்று கொண்டாடப்பட்ட ஐ.என்.எஸ். விராட்டை 38 கோடி ரூபாய்க்கு உடைக்க விற்றுவிட்டார்கள். அதை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கக் கூடாதா? அமெரிக்காவில் ஐந்து விமானந்தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். நம்மால் ஒன்றைக்கூட வைத்திருக்க முடியாதா?"

முடிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டிய காலம் 2013, 2014. ஊரெல்லாம் குரல் எழுந்ததோ 2020-ல். அடுத்த விமானந்தாங்கியான விக்ரமாதித்யா 2013 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த அன்றே விராட்டின் ஓய்வு உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு கிடைத்த ஆண்டுகளில் மூன்று கேள்விகளுக்கு யாரும் பொறுப்பேற்றுப் பதில் சொல்லவில்லை. கப்பல் யார் பெயரில் இருக்கும்? எந்தத் துறைமுகத்தில் நிற்கும்? தண்ணீருக்குள் இருக்கும் அதன் அடிப்பகுதியைப் பராமரிக்க ஆண்டுதோறும் யார் பணம் தருவார்கள்? முதல் இரண்டுக்கும் அவ்வப்போது அறிக்கைகள் வந்தன. மூன்றாவதற்குக் கடைசி வரை ஆள் இல்லை. விராட் உடைபட்டதற்கு அதுதான் காரணம். ஏலமும் வழக்கும் அதன் பின்விளைவுகள்.

கப்பலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944 ஜூனில், இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில் விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் தளத்தில் அதன் கட்டுமானம் தொடங்கியது. போர் முடிந்ததும் வேலை நின்றுபோனது. 1953-ல் தண்ணீரில் இறங்கி, 1959 நவம்பரில்தான் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பல் இதுதான். 1986-ல் இந்தியா வாங்கியது. 1987 மே 12 அன்று விராட் ஆனது. முன்பக்கம் 12 பாகை மேல்நோக்கி வளைந்த ஓடுதளமும் அதிலிருந்து எழும்பும் சீ ஹாரியர் விமானங்களும் அதன் அடையாளம். கடற்படை வெளியிட்ட கணக்குப்படி, இந்தியக் கொடியின் கீழ் மட்டும் 2,252 நாட்கள் கடலில் கழித்து, ஏறத்தாழ 10.94 லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்திருக்கிறது. பூமியை 27 முறை சுற்றி வரும் தூரம் இது. சீ ஹாரியர்கள் 2016 மே மாதம் ஓய்வு பெற்றன. கப்பல் 2017 மார்ச் 6 அன்று மும்பையில் கொடி இறக்கியது.

அதற்கு முன்பே ஒரு காரியம் நடந்திருந்தது. 2016 ஜூலையில் மும்பையிலிருந்து கொச்சிக்குச் சொந்த எஞ்சினில் கடைசியாகச் சென்றது விராட். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தின் டிரை டாக்கில் (நீரை வெளியேற்றிக் கப்பலின் அடிப்பகுதியில் வேலை செய்யும் துறை) ஏற்றி எஞ்சின், கொதிகலன், உந்துவிசிறி, சுக்கான் ஆகியவற்றைக் கழற்றினார்கள். அக்டோபரில் இழுவைப் படகுகள்தாம் அதை மும்பைக்குத் திரும்ப இழுத்து வந்தன. கொதிகலன் போனால் கப்பலுக்குச் சொந்த மின்சாரமும் இல்லை. விளக்கு, காற்றோட்டம், தீயணைப்புக் குழாய், கசிந்த நீரை வெளியேற்றும் பம்பு எல்லாமே இனிக் கரையிலிருந்து வரும் மின்கம்பியை நம்பித்தான். அந்த நாள் முதல், எங்கே நின்றாலும் யாராவது மின்கட்டணம் கட்டி, இரவும் பகலும் காவல் நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பாக அது மாறியது. அருங்காட்சியகத்துக்கு வேண்டிய வேலைகளையும் அதே டாக்கில், அதே செலவோடு செய்திருக்கலாம். கப்பலைக் கேட்டு ஒரு மாநிலம் கையில் பணத்தோடு அப்போது வந்திருக்க வேண்டும்.

வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஆந்திர அரசு விராட்டை விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோக விரும்பியது. ஆனால் பாதுகாப்பு அமைச்சகமும் கூட்டாளியாகச் சேர வேண்டும் என்றது. தொழில்நுட்ப உதவி தருவோம், கூட்டாளியாக முடியாது என்று தில்லி சொல்லிவிட்டது. கடலில் மூழ்கடித்து ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கான இடமாக்கலாம் என்ற யோசனையும் கடற்படைத் தரப்பில் பேசப்பட்டது. 2018 நவம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை 852 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சிந்துதுர்க் மாவட்டத்தில் நிவதி பாறைகளுக்கு அருகே, கரையிலிருந்து சுமார் ஏழு கடல் மைல் தொலைவில், கடலடியில் கான்கிரீட் தளம் அமைத்து அதன்மேல் கப்பலை நிறுத்தி, அருங்காட்சியகமும் ஹோட்டலும் நடத்துவது திட்டம். அந்தச் செய்தியைப் படித்தபோதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கொங்கண் கடலில் மீன்பிடி விசைப்படகுகளே வெளியே போவதில்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகளைப் படகில் ஏற்றி ஏழு கடல் மைல் கூட்டிப் போவது எப்படி? ஆண்டில் பல மாதங்கள் வருமானமே இல்லாமல் கிடக்கும் ஓர் இடத்துக்கு எந்தத் தனியார் நிறுவனம் முதலீடு கொண்டுவரும்? யாரும் வரவில்லை.

2019 ஜூலையில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் மாநிலங்களவையில் பதில் அளித்தார். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்படியான, நிதி ஏற்பாடு முழுமையாக உள்ள திட்டம் எந்த மாநிலத்திலிருந்தும் வரவில்லை. ஆகவே கப்பலை உடைக்க முடிவு செய்யப்பட்டது என்பது அதன் சாரம். கசப்பான பதில். ஆனால் பொய்யில்லை.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற விமானத்தைப் பீடத்தில் ஏற்றி வைத்தால் பல காலம் நிற்கும். பீரங்கியைப் பூங்காவில் வைத்தால் வண்ணம் பூசினால் போதும். கப்பல் அப்படியல்ல. அது நிற்பது உப்புத் தண்ணீரில். இரும்புத் தகட்டை உப்புநீர் ஓயாமல் தின்றுகொண்டே இருக்கும். நீர்மட்டக் கோட்டை ஒட்டி, நனைந்து நனைந்து காயும் பகுதியில் இன்னும் வேகமாகத் தின்னும். அதைத் தடுக்க அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். ஆனால் அந்தக் கட்டிகளை மாற்ற வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டிரை டாக்கில் ஏற்றி, ஒட்டியிருக்கும் சிப்பி, பாசியைச் சுரண்டி, ஒலியலைக் கருவியால் தகட்டின் கனத்தை ஓரிடம் விடாமல் அளந்து, மெலிந்த இடங்களில் வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்து, மறுபடி வண்ணம் பூச வேண்டும். 226 மீட்டர் நீளக் கப்பலை ஏற்றும் டிரை டாக் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அவற்றில் இடம் பிடிக்கப் போர்க்கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் வரிசையில் நிற்கும். எஞ்சின் இல்லாத கப்பலை ஒவ்வொரு முறையும் இழுவைப் படகு வைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும்.

அடிப்பகுதியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் திறப்புகள் நீர்மட்டத்துக்குக் கீழே பல இடங்களில் இருக்கும். அவற்றின் வால்வு ஒன்று துருப்பிடித்து உடைந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். ஆள் நடமாட்டம் இல்லாத அறை என்றால் வந்தது தெரியவே நேரமாகும். எனவே எல்லாத் திறப்புகளையும் வெளியிலிருந்து தகடு வைத்து அடைக்க வேண்டும். அதற்கும் டாக் வேண்டும்.

உள்ளே போனால் வேறு உலகம். நூற்றுக்கணக்கான அறைகள், இடுப்பளவுக் கதவுத் திறப்புகள், ஏணிபோல் செங்குத்தான படிகள். பயிற்சி பெற்ற மாலுமிக்கு அது வீடு. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாய்க்கு ஆபத்தான இடம். பொதுமக்களை விடுவதானால் அவசர வழி, புகை உணரும் கருவி, காற்றோட்டம், கைப்பிடி எல்லாம் புதிதாக அமைக்க வேண்டும். மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டிகளைப் பற்றி வெளியில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. உள்சுவர் துருப்பிடிக்கும்போது, உள்ளே அடைபட்ட காற்றிலிருக்கும் ஆக்சிஜனை அந்தத் துருவே தீர்த்துவிடும். வாசனையோ புகையோ எதுவும் இருக்காது. மூடியைத் திறந்து இறங்குகிறவர் சில நொடிகளில் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் மூடிய அறைக்குள் இறங்குமுன் காற்றை அளந்து எழுத்துமூலம் அனுமதி தரும் வழக்கம் உள்ளது. அருங்காட்சியகமானாலும் அந்தத் தொட்டிகளைப் பார்வையிடும் ஆட்கள் என்றென்றும் வேண்டும். இவற்றோடு 1940, 50-களில் கட்டிய கப்பல் என்பதால் குழாய்களைச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ்.

"விசாகப்பட்டினத்தில் நீர்மூழ்கிக் கப்பலை வைத்திருக்கிறார்களே" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஐ.என்.எஸ். குர்சுரா 2001-ல் ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டே ராமகிருஷ்ணா கடற்கரையில் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். கரைக்கு இழுத்து வந்து நிறுத்த 18 மாதமும் ஐந்தரைக் கோடி ரூபாயும் ஆயின. அது 2,000 டன் அளவிலான கலம். கான்கிரீட் மேடையில், மணலுக்கு மேலே, தண்ணீர் தொடாமல் நிற்கிறது. பிறகு, 29 ஆண்டுகள் இந்தியக் கடற்படையில் பறந்து, நம் அரக்கோணம் விமானதளத்தில் 2017-ல் ஓய்வு பெற்ற டி.யு.-142 கடற்கண்காணிப்பு விமானத்தையும் அதே சாலையில் எதிர்ப்பக்கம் வைத்தார்கள். இரண்டு அருங்காட்சியகங்களும் நன்றாக ஓடுகின்றன. விராட்டோ முழு எடையில் 28,000 டன்னுக்கு மேல். தண்ணீருக்குள் ஒன்பது மீட்டர் வரை அமிழும். கடற்கரைக்கு இழுத்துவர இயலாது. ஒன்பது மீட்டருக்கு மேல் ஆழமுள்ள துறையைத்தான் அதற்கு ஒதுக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு சரக்குக் கப்பல் நின்றால் துறைமுகத்துக்கு வருமானம். அதை நிரந்தரமாக விட்டுக்கொடுக்க எந்தத் துறைமுகமும் எளிதில் சம்மதிக்காது. கடற்படையே வைத்துக்கொள்ளலாம் என்றால், மும்பைக் கடற்படைத் தளத்தில் பணியில் இருக்கும் கப்பல்களுக்கே இட நெருக்கடி.

இந்தச் சிக்கல் அனைத்தையும் நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். நம் முதல் விமானந்தாங்கியான பழைய விக்ராந்த் 1961-ல் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். வேகத்தைக் கட்டுப்படுத்தியே ஓட்ட வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் வங்கக் கடலில் நின்று டிசம்பர் 4 அன்று காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது சீ ஹாக் விமானங்களை அனுப்பியது. அதைத் தேடித்தான் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி சென்னைக் கடல் வரை வந்து, பிறகு விசாகப்பட்டினத்துக்கு அருகில் மூழ்கியது. அந்த விக்ராந்த் 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. 2001 முதல் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக மக்கள் ஏறிப் பார்த்தார்கள். ஆனால் பணம் கொடுத்துத் தொடர்ந்து பராமரிக்கும் அமைப்பு ஒன்றை யாரும் உருவாக்கவில்லை, அரசும் ஏற்படுத்தவில்லை. உடல் அரித்துப் பாதுகாப்பற்றதாகிவிட்டது என்று 2012-ல் மூடினார்கள். தனியார் கூட்டாளி கிடைக்கவில்லை என்று மகாராஷ்டிர அரசு கைவிட்டது. வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்தில் 2014 ஜனவரியில் தள்ளுபடியானது. சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. உடைப்புக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் நீக்கியது. நவம்பரில் மும்பையின் தாருகானா கப்பல் உடைக்கும் தளத்தில் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் ஒரு பகுதியைக் கலந்து பஜாஜ் நிறுவனம் 2016-ல் 'வி' மோட்டார் சைக்கிளை விற்றது. மும்பைக் கடற்படைத் தளத்தின் லயன் கேட் எதிரே, விக்ராந்தின் இரும்பில் செய்த ஒரு நினைவுச் சிற்பம் நிற்கிறது.

ஆக 2014 நவம்பரில் தாருகானாவில் கேஸ் கட்டர்கள் வெட்டிக்கொண்டிருந்தபோது, சில கிலோமீட்டர் தள்ளி விராட் இன்னும் பணியில் இருந்தது. பாடம் கண்ணெதிரே கிடந்தது. அப்போதே ஒரு சட்டமோ, குறைந்தபட்சம் ஒரு நடைமுறையோ கொண்டுவந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஒரு சின்னத்தைத் தொன்மையானது என்று காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், நூறாண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அறுபது வயதுக் கப்பல் அதன் வரம்புக்குள் வராது. ஓய்வு பெற்ற போர்க்கப்பலை மரபுச் சின்னமாக அறிவிக்க நம்மிடம் வேறு தனிச் சட்டம் இல்லை. சட்டக் கண்ணில் அது உபரிச் சொத்து. ஏலம் விடுவதுதான் வழி.

ஏலம் 2020 ஜூலையில் நடந்தது. குஜராத்தின் கப்பல் உடைக்கும் தளமான அலங்கில் உள்ள ஸ்ரீராம் குழுமம் 38.54 கோடிக்கு எடுத்தது. செப்டம்பர் 19 அன்று மும்பையிலிருந்து இழுவைப் படகு கிளம்பியது. இரண்டு மூன்று நாளில் அலங் கடலுக்குப் போய்விட்டாலும் கரையேறியது 28-ஆம் தேதிதான். காத்திருந்தது ஓதத்துக்கு. காம்பாட் வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் பத்து மீட்டரைத் தொடும். உலகிலேயே இப்படி ஓதம் ஏறும் இடங்கள் மிகச் சில. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வெகுதூரம் மேலே ஏறும். அந்த நேரம் பார்த்துக் கப்பலைச் சேற்றுக் கரையில் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கப்பல் தரையில் நிற்கும். சொந்த எஞ்சினோடு வரும் கப்பல் முழு வேகத்தில் ஓடி வந்து ஏறும். விராட்டுக்கு எஞ்சின் இல்லாததால் இழுவைப் படகுகள் தள்ளிவர, கரையிலிருந்து இரும்புக் கயிறும் அதைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு முன்பக்கத்திலிருந்து வெட்டுவார்கள். முகப்பு வெட்டப்பட வெட்டப்பட எடை குறையும். அடுத்த பெரிய ஓதத்தில் மிச்சக் கப்பலை இன்னும் கொஞ்சம் மேலே இழுப்பார்கள். விமானங்களை எழுப்பிய அந்த வளைந்த முகப்புதான் முதலில் போயிற்று. வெட்டிய தகடுகள் பாவ்நகர், சிஹோர் பக்கத்து உருக்கு ஆலைகளுக்குப் போய்க் கட்டுமானக் கம்பியாகும். கட்டில், மேசை, சமையல் பாத்திரம், கயிறு, விளக்கு முதலியவை அலங்–திராபஜ் சாலையோரக் கடைகளில் விற்பனைக்கு வரும்.

கப்பல் கரையேறும் தறுவாயில்தான் மும்பையைச் சேர்ந்த என்விடெக் என்ற நிறுவனம், அதை வாங்கிக் கோவாவில் அருங்காட்சியகமாக்குகிறோம் என்று முன்வந்தது. வாங்கியவர் 100 கோடி ரூபாயும், பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையின்மைச் சான்றும் கேட்டார். அமைச்சகம் சான்று தரவில்லை. விஷயம் உச்ச நீதிமன்றம் சென்று 2021 பிப்ரவரியில் உடைப்புக்குத் தடை வந்தது. ஏப்ரலில் தடை நீங்கியது. தேசப்பற்று உணர்வு புரிகிறது, ஆனால் ஏறக்குறைய 40 விழுக்காடு உடைக்கப்பட்டுவிட்டது, இப்போது அது தனியார் சொத்து என்ற கருத்தில் நீதிமன்றம் நின்றது. அந்த நிலையில் வேறு தீர்ப்பு சொல்ல முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சேற்றில் அமர்ந்து, முகப்பு போய், கடல் புகும் கப்பலை மீண்டும் மிதக்க வைப்பதென்பது புதுக் கப்பல் கட்டுவது மாதிரியான வேலை.

38 கோடி மலிவா என்பது கேள்வியில் உள்ள இன்னொரு குத்தல். அமெரிக்கக் கடற்படை ஃபாரஸ்டல், கிட்டி ஹாக், ஜான் எஃப். கென்னடி ஆகிய மாபெரும் விமானந்தாங்கிகளை உடைப்பதற்குத் தலா ஒரு சென்டுக்குத் தந்தது. இழுத்துப் போகும் செலவு, ஆஸ்பெஸ்டாஸையும் எண்ணெய்க் கழிவையும் அப்புறப்படுத்தும் செலவு எல்லாம் வாங்குகிறவர் தலையில். கிடைக்கும் இரும்புதான் அவருடைய லாபம். இதைப் பார்க்க நமக்கு வந்தது நல்ல விலை. பழைய விமானந்தாங்கி என்பது பல நேரங்களில் பணம் கொடுத்தாவது கழித்துவிட வேண்டிய சுமை என்பதற்குப் பிரெஞ்சு இரட்டையர்களின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

கிளெமான்சோ, ஃபோஷ் என்று இரண்டு சகோதரக் கப்பல்கள். கிளெமான்சோவை உடைக்க 2005 கடைசி நாளில் தூலோனிலிருந்து அலங்குக்கு இழுத்து அனுப்பினார்கள். உள்ளே எத்தனை டன் ஆஸ்பெஸ்டாஸ் என்பதில் ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. கிரீன்பீஸ் எதிர்த்தது, நம் உச்ச நீதிமன்றம் கடல் எல்லைக்குள் வரத் தடை விதித்தது. 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் கப்பலைத் திரும்ப அழைத்தார். பாதி உலகைச் சுற்றிவிட்டுப் பிரான்சுக்கே போய், கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் உடைபட்டது.

ஃபோஷின் முடிவு இன்னும் மோசம். 2000-ல் பிரேசில் வாங்கி சாவோ பாலோ என்று பெயர் வைத்தது. ஓய்வுக்குப் பின் துருக்கி நிறுவனம் ஒன்று வாங்கியது. 2022 ஆகஸ்டில் இழுவைப் படகு அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருக்கும்போதே, உள்ளிருக்கும் நச்சுப் பொருள்களுக்கு முறையான கணக்கு இல்லை என்று துருக்கி அனுமதியை ரத்து செய்தது. ஜிப்ரால்டர் அருகிலிருந்து கப்பல் திரும்பியது. பிரேசில் வந்தால் பெர்னாம்புகோ மாநிலம் துறைமுகத்தில் விட மறுத்தது. இழுவைப் படகு மாதக்கணக்கில் கடலில் வட்டமிட்டது. வாங்கிய நிறுவனமும் ஒதுங்கிக்கொண்டது. கப்பலின் உடலோ சேதமாகித் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சுற்றுச்சூழல் அமைச்சரே எதிர்த்தும், 2023 பிப்ரவரி 3 அன்று கரையிலிருந்து 350 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில், ஆஸ்பெஸ்டாஸோடும் வண்ணப்பூச்சின் நச்சோடும் பிரேசில் கடற்படை அதை மூழ்கடித்தது. 30,000 டன் அளவிலான கப்பலுக்கு உலகில் ஒரு துறைமுகம்கூடக் கதவு திறக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம், உடைபட்டாலும் விராட்டின் இரும்பு ஒழுங்காகக் கரையில் பிரிக்கப்பட்டதே என்று நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் ஐந்து கப்பல்கள் உண்மைதான்: யார்க்டவுன், இன்ட்ரெபிட், ஹார்னெட், லெக்சிங்டன், மிட்வே. ஆனால் இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கப்பலான எண்டர்பிரைஸைக் காப்பாற்ற அட்மிரல் ஹால்சியே முன்னின்று நிதி திரட்டியும் பணம் சேரவில்லை. 1958-ல் பழைய இரும்பாக விற்றார்கள். ஹெர்மிஸைக் கட்டிய பிரிட்டன் ஓய்வு பெற்ற தன் விமானந்தாங்கிகளில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் பிழைத்தவை பிழைத்ததற்குக் காரணம் அங்குள்ள நடைமுறை. கேட்பது ஒரு லாப நோக்கற்ற அமைப்பாகவோ மாநிலமாகவோ இருந்தால், கடற்படை கப்பலை இலவசமாகத் தரும். ஆனால் ஒரு டாலர்கூடத் தராது. எங்கே கட்டப் போகிறீர்கள், டாக்கில் ஏற்றும் செலவுக்கு என்ன ஏற்பாடு, ஆண்டு வரவு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஆவணம் கேட்கும். மிட்வே 1992-ல் ஓய்வு பெற்றது. சான் டியாகோவில் திறந்தது 2004-ல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் கடற்படை அதைக் காப்பில் வைத்திருந்தது. இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அவ்வளவு கூட்டம் வரும் பெருநகர மையத்தில், இறங்கி நடந்தால் எட்டும் இடத்தில் நிற்பதால்தான் அது தன் செலவைத் தாங்குகிறது. நியூயார்க்கில் இன்ட்ரெபிட்டுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும்: 2006 நவம்பரில் பழுதுபார்க்க நகர்த்தப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் நின்ற சேற்றில் உந்துவிசிறிகள் புதைந்து அசையவே இல்லை. தூர்வாரி எடுக்க ஒரு மாதம் ஆயிற்று. பணமுள்ள இடத்திலும் வேலை அப்படிப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து: மும்பையைப் போல மக்கள் குவியும் நகரத்தின் நடுவில் துறை ஒதுக்கி, கொச்சியில் டாக்கில் இருந்தபோதே அடிப்பகுதியைச் செப்பனிட்டு, ஆண்டு மானியத்துக்கு மத்திய பட்ஜெட்டில் ஒரு வரி போட்டிருந்தால் விராட் நின்றிருக்கும். அது முடியாது என்றே வைத்துக்கொண்டாலும் முழுக் கப்பல் அல்லது ஒன்றுமில்லை என்று ஏன் யோசிக்க வேண்டும்? ஆஸ்திரேலியர்கள் முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டனை வீழ்த்திய சிட்னி போர்க்கப்பலை உடைத்தபோது, அதன் உயரமான கம்பத்தை பிராட்லிஸ் ஹெட் முனையிலும், கூர்முகப்பை மில்சன்ஸ் பாயின்டில் கடற்சுவரிலும் பதித்துவைத்தார்கள். இன்றும் யாரும் டிக்கெட் இல்லாமல் போய்த் தொட்டுப் பார்க்கலாம். விராட்டின் வளைந்த முகப்பையும், ஓடுதளத்தின் ஓரத்தில் கோபுரமாக நிற்கும் கட்டளை மேடையையும் வெட்டிக் கரையில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு சீ ஹாரியரை வைத்திருந்தால் அதற்கு டிரை டாக் வேண்டாம், பம்பு வேண்டாம், துத்தநாகக் கட்டி வேண்டாம். பொதுவெளியில் இந்த யோசனை பெரிதாகப் பேசப்படவே இல்லை. எல்லோரும் 852 கோடி, 1,000 கோடி என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வரிசையில் இருப்பது விக்ரமாதித்யா. 1987-ல் சோவியத் கடற்படையில் பாகூ என்ற பெயரில் சேர்ந்த உடல் அது. 284 மீட்டர் நீளம், 44,000 டன்னுக்கு மேல், தண்ணீருக்குள் பத்து மீட்டர். விராட்டைவிட எல்லா வகையிலும் கடினம். அதை முழுதாக வைப்பதா என்பதை இப்போதிருந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு ஒத்துவராவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. ஏல ஆவணத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: முகப்பின் முதல் முப்பது மீட்டரையும் கட்டளை மேடையையும் வாங்குகிறவர் சேதமின்றி வெட்டி, ஆஸ்பெஸ்டாஸ் நீக்கி, கடற்படை காட்டும் இடத்தில் இறக்கித் தர வேண்டும். அதற்காக ஏலத் தொகையில் சில கோடி குறையும். அந்த நிபந்தனையை எழுத எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத விரும்புகிறவர்கள் இதைக் கேட்டு எழுதுங்கள். அதுவும் கப்பல் பணியில் இருக்கும்போதே எழுதுங்கள்.